கச்சான் இட்ட பின்னூட்டங்கள்

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து வந்தது. பாம்பன் பக்கம் போகும் ரயிலுக்கு நேரம் தேடிக்கொண்டிருந்தவன், எங்கோ விரல் தவறி ஒரு பழைய வலைப்பூவில் போய் விழுந்தேன். பக்கத்தின் உச்சியில் இப்படி எழுதியிருந்தது: ‘தொழில்நுட்பம், அரசியல், விண்வெளி, அன்றாடம். கடுமையான சொந்தக் கருத்துகள்.’ கீழே இருந்ததைப் படிக்க நேரமில்லை. திரும்பி வந்து தேடியபோது பக்கம் கிடைக்கவில்லை.

‘கடுமையான’ என்ற சொல் மட்டும் கூடவே வந்துவிட்டது. சும்மா ‘கருத்துகள்’ என்று போட்டிருக்கலாம். என் கருத்து கடுமையானது, தெரிந்துகொண்டு உள்ளே வா என்று தானே பலகை மாட்டுகிற மனிதர் எப்படி இருப்பார்? அவருக்குக் குருநாதன் என்று பெயர் வைத்தேன். எழுத உட்கார்ந்தேன்.

குருநாதன் கோபக்காரர். அவர்

(வேண்டாம். அப்படிச் சொல்லிவிட்டால் நீங்கள் அவரைச் சிரிப்பு ஆளாக்கிவிடுவீர்கள்.)

அன்று கடல் அமைதியாக

(இதுவும் வேண்டாம். ராமநாதபுரத்துக் கதை என்றால் கடலில்தான் தொடங்க வேண்டுமா? குருநாதனுக்குக் கடல் பிடிக்காது. உப்புக் காற்று கேபிளை அரித்துவிடும்.)

2

கேபிள்தான் அவருடைய தொழில். சொந்த ஊர் திருப்புல்லாணி, வேலை தொலைபேசித் துறையில். ஊர் ஊராக மண்ணைத் தோண்டிக் கேபிள் பதித்தவர், பின்னாளில் அதே கேபிள்கள் ஒவ்வொன்றாக ஊமையாவதையும் பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

பணியில் இருந்தபோதே வலைப்பூ தொடங்கியிருந்தார். அப்போது எல்லாரும் தொடங்கினார்கள். சிலர் கவிதை எழுதினார்கள், சிலர் சமையல் எழுதினார்கள். குருநாதன் கருத்து எழுதினார். ‘நான் நினைக்கிறேன்’ என்று ஒரு பதிவைக்கூட அவர் ஆரம்பித்ததில்லை. ‘உண்மை என்னவென்றால்’ என்றுதான் ஆரம்பிப்பார்.

உண்மை என்னவென்றால், டீக்கடைக்குக் காகிதக் கோப்பை வந்த அன்றே ஊரில் அரசியல் செத்துவிட்டது. கண்ணாடி கிளாஸைத் திருப்பிக் கொடுக்கிறவரை நின்றாக வேண்டும். நிற்கிறவன் பேசித்தான் ஆக வேண்டும். காகிதத்தை வாங்கியவன் நடையைக் கட்டிவிடுகிறான். உண்மை என்னவென்றால், கட்சிக் கொடிக்கம்பம் நட்ட இடத்திலெல்லாம் வேப்பங்கன்று நட்டிருந்தால் இந்த மாவட்டத்தில் இரண்டு மழை கூடப் பெய்திருக்கும். உண்மை என்னவென்றால், நிலாவில் தண்ணீர் இருக்கிறது என்று கண்டுபிடித்ததை ராமநாதபுரத்தில் காலிக்குடத்தோடு நிற்கிற பெண்ணிடம் சொல்வதைப் போன்ற கேலி வேறு இல்லை.

இப்போது ஒரு கருத்தை எழுதி முடிப்பதற்குள் அதற்கு முப்பது கட்டைவிரல்கள் முளைத்துவிடுகின்றன. அன்று அப்படியில்லை. பதிவை வெளியிட்டுவிட்டுக் குளிக்கப் போவார். சோப்புப் போடும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். துண்டோடு வந்து பார்த்தால், பதிவின் அடியில் யாராவது வந்து உட்கார்ந்திருப்பார்கள். ‘அன்புள்ள நண்பருக்கு வணக்கம், தாங்கள் எழுதியிருப்பது முழு அபத்தம்’ என்று மரியாதையாகத் தொடங்கிப் பத்தி பத்தியாகச் சண்டை போடுவார்கள். அபத்தம் என்று சொல்வதற்கு முன்னால் அவர்கள் முழுவதையும் படித்திருந்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றி எனக்கு ஏக்கம் உண்டென்றால் அது இதற்காகத்தான்.*

* குருநாதனின் ஏக்கம் என்று எழுத நினைத்தேன். அது என்னுடையது. அவர் தலையில் கட்டியிருக்கிறேன்.

3

அப்படி வந்து உட்கார்ந்தவர்களில் விடாமல் வந்த ஆள் ‘கச்சான்’.

கச்சானுக்கு முகமில்லை, சொந்த வலைப்பூ இல்லை. குருநாதன் எதை எழுதினாலும் எதிர்த்து எழுதும். நிலாத் தண்ணீர் பதிவுக்கு வந்த பின்னூட்டம் இது: ‘குடம் நிறையும்வரை அந்தப் பெண் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைக்கிறீர்கள்? மேலேதான். அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா? அவளிடம் நீங்கள் கேட்டீர்களா?’

குருநாதனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நிலக்கடலையைக் கச்சான் என்பார்கள் என்று எங்கோ படித்திருந்தார். ஆகவே இது கனடாவில் பனியில் உட்கார்ந்திருக்கிற, நிறையப் படித்த, வேலை குறைந்த ஒரு ஈழத்து ஆண் என்று முடிவுகட்டினார். அதை மனைவி முருகேஸ்வரியிடமும் சொன்னார். அந்த வீட்டில் வருஷக்கணக்காக ‘கனடாக்காரன்’ ஒருவன் பேச்சில் அடிபட்டுக்கொண்டிருந்தான். குருநாதன் குழம்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்தால், இன்றைக்கு என்ன சொன்னான் என்று முருகேஸ்வரி அவனைத்தான் விசாரிப்பாள்.

கச்சானும் எல்லா இடத்திலும் சரியாகச் சொன்னதாக நினைக்க வேண்டாம். எல்லார் கையிலும் கைபேசி வந்துவிட்டால் யாரும் யாரிடமும் பொய் சொல்ல முடியாது என்று ஒருமுறை எழுதியது. குருநாதன் அதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

பிறகு கூட்டம் வேறு இடங்களுக்குப் போயிற்று. குருநாதனும் குடும்ப வாட்ஸப் குழுவில் கருத்து எழுதிப் பார்த்தார். மச்சினன் மகன் அவரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டான். வலைப்பூவில் எழுதுவது நின்றது. கச்சான் வருவதும் நின்றது.

4

இனிக் கதையை நடத்த ஒரு மகள் வேண்டும். முதல் வரைவில் சத்யப்பிரியா விண்வெளி ஆராய்ச்சி படிக்க வெளிநாடு போகிறாள் என்று எழுதியிருந்தேன். ராக்கெட்டைத் திட்டியவரின் மகள் ராக்கெட் படிக்கிறாள். மிகவும் பொருத்தமாக இருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன். அவள் பல் மருத்துவர். மேற்படிப்புக்குப் போகிறாள்.

விசாவுக்கு விண்ணப்பித்த பிறகு மதுரையிலிருந்து வந்தவள் அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள். விண்ணப்பிக்கிறவர்களின் குடும்பத்தையும் இணையத்தில் தேடிப் பார்க்கிறார்கள் என்று கூடப் படித்தவர்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

“அய்யா, உங்க பேரைத் தட்டினா முதல்ல அதுதான் வருது. நான் போற நாட்டையே எத்தனை பதிவுல திட்டியிருக்கீங்க.”

தான் சொன்னது தப்பா என்று குருநாதன் கேட்டார். தப்பென்று அவள் சொல்லவில்லை. “சரியா இருந்தா மட்டும் விட்டுருவாங்களா?” என்றாள். அவளிடமிருந்து வந்த ஒரே கடுமையான கருத்து அது. 

அவள் மதுரைக்குத் திரும்பிய பிறகு, வலைப்பூவில் கடைசியாக ஒரு பதிவு போட்டார். ‘வெள்ளிக்கிழமையோடு இந்தப் பக்கம் மூடப்படுகிறது. வந்தவர்களுக்கு நன்றி.’ யார் வரப்போகிறார்கள் என்றுதான் போட்டார்.

மறுநாள் மதியம் ஒரு பின்னூட்டம் இருந்தது. ‘மூடாதீர்கள். நான் எழுதியது வேறெங்கும் இல்லை. கச்சான்.’ அடியில் ஒரு கைபேசி எண். இந்தியா எண்.

அழைத்தார். பெண்குரல் பேசியது. கச்சானிடம் பேச வேண்டும் என்றார். பேசிக்கொண்டிருப்பது கச்சான்தான் என்றது அந்தக் குரல். ஹுமைரா, ஊர் பெரியபட்டினம். அவர் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடுகிற ஊர்.

5

முருகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு போனார். உங்களைவிட நான்தான் அந்தக் கனடாக்காரனைப் பார்க்க வேண்டும் என்று அவளே கிளம்பி நின்றாள்.

ஹுமைராவுக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். இயற்பியல் படித்தவள். கல்யாணமான புதிதில் கணவர் முஸ்அப் வேலைக்காகச் சவூதியில் தம்மாமுக்குப் போய்விட, அவரோடு பேசுவதற்காக வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அவர் வேலைக்குப் போயிருக்கும் பகல் பொழுதெல்லாம் அது சும்மா இருந்தது. ஏதோ தேடப் போய்க் குருநாதன் பக்கத்தில் விழுந்திருக்கிறாள். கோபம் வந்தது, எழுதினாள். அவ்வளவுதான். இப்போது கீழக்கரையில் ஒரு பள்ளியில் பாடம் எடுக்கிறாள். முஸ்அப் இன்னும் அங்கேதான்.

தட்டில் தொதல் அல்வா வைத்தாள். முருகேஸ்வரி ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, உங்களால் எங்கள் வீட்டில் வீணான குழம்புக்குக் கணக்கே இல்லை என்றாள். இரண்டு பெண்களும் சிரித்தார்கள். குருநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிராளியின் வீட்டில் எப்படி உட்கார வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், கச்சான் என்றால் கடலைதானே என்று கேட்டார்.

“கடலையா? காத்துண்ணே. மேக்கேருந்து அடிக்கிற கச்சான் காத்து. இந்தக் கரையில யாரைக் கேட்டாலும் சொல்லிருப்பாங்களே.”

கடல் பிடிக்காத மனிதர் யாரைக் கேட்டிருப்பார்?

“அந்த நிலாப் பதிவுல குடத்தோட ஒரு பொம்பளைய நிறுத்தினீங்கள்ல. அன்னைக்குத் தண்ணி லாரிக்கு நின்னுட்டு வந்துதான் அதப் படிச்சேன். என்னைய வச்சு எனக்கே பேசுறாரேன்னு இருந்துச்சு.”

(இந்த இடத்தில் குருநாதன் மன்னிப்புக் கேட்டதாக ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் கேட்க மாட்டார். நிலாவுக்குப் போவதைப் பற்றி அவர் கருத்து இன்றும் அதேதான்.)

அவள் எழுதியதை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்பிவிடுகிறேன் என்றார். ஹுமைரா தலையாட்டவில்லை.

“பதிலை மட்டும் வச்சுக்கிட்டு என்னண்ணே செய்ய? எதுக்க ஆளே இல்லாம நான் தனியாப் பேசிக்கிட்டு நின்ன மாதிரி இருக்கும்.”

அப்போதுதான் மகளின் விஷயத்தைச் சொன்னார். ஹுமைரா தொதல் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “அப்ப அழிச்சுருங்க. பிள்ளைக்கு மேலயா இதெல்லாம்.”

வழியனுப்ப வாசல்வரை வந்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது முருகேஸ்வரி, அந்தப் பெண் உங்களை ஒருமுறையாவது வாயைத் திறந்து திட்டியிருக்கலாம் என்றாள்.

6

குருநாதன் வலைப்பூவை அழிக்கவில்லை.

ஒரு பதிவை அழித்தால் அதன் பின்னூட்டங்களும் கூடவே போய்விடும். ஆனால் பதிவைத் திறந்து, உள்ளே இருப்பதை மட்டும் துடைத்துவிட்டு வெளியிட்டால் தலைப்பு நிற்கும், நடுவில் வெறுமை நிற்கும், அடியில் பின்னூட்டங்கள் நிற்கும். அப்படித்தான் செய்தார். தன் பெயரை எடுத்தார். தான் எழுதிய பதில்களையும் மற்ற ஆட்களின் பின்னூட்டங்களையும் எடுத்தார். ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்துவிட்டுத் துடைத்தார். எதிலும் அவர் மனம் மாறவில்லை, அதுதான் வலித்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. எந்த வருஷத்திலிருந்து என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் பாதிக்கு மேல் அவர் ஊருக்காக எழுதவில்லை. ஒரு ஆள் கோபப்பட வேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

(நகல் எடுத்து வைத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். வைத்திருந்தால் தினம் அதையே எடுத்துப் படித்துக்கொண்டிருப்பார். அது அவருக்கே தெரியும்.)

எல்லாம் முடிந்த பின் அந்தப் பக்கம் விநோதமாக இருந்தது. யாரும் பேசாத இடத்தில் கச்சான் மட்டும் மறுத்துக்கொண்டிருந்தது. ‘இல்லை.’ ‘ஒப்புக்கொள்ள முடியாது.’ ‘இதில் நீங்கள் சொல்வது பாதிதான் சரி.’

7

விசா கிடைத்தது. பல் மருத்துவம் ஏன் என்றுதான் கேட்டார்களாம். வலைப்பூவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. விசா கிடைக்காத முடிவு ஒன்றையும் எழுதிப் பார்த்தேன். அதில் குருநாதன் தியாகியாகிவிட்டார். அவருக்கு அது ஒத்துவரவில்லை; கிழித்துவிட்டேன்.

சத்யப்பிரியா விமானம் ஏறினாள். வீடு அமைதியாயிற்று. ஒரு மதியம், வேறு வேலை இல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறந்தார். ‘மிஸ்டு கால் என்னும் மொழி’ என்ற தலைப்பின் அடியில் புதிதாக ஒரு பின்னூட்டம். கச்சான்.

‘இந்த இடத்தில் முன்பு ஒரு பதிவு இருந்தது. எழுதியவர் இப்போது இங்கே இல்லாததால் அவர் சொன்னதை நான் சொல்கிறேன். எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அவர் சொன்னது: உண்மை என்னவென்றால், மிஸ்டு கால்தான் நாம் கண்டுபிடித்த கடைசி மொழி. ஒரு மணி அடித்தால் கிளம்பிவிட்டேன். இரண்டு அடித்தால் வந்து சேர்ந்துவிட்டேன். எடுத்துப் பேசுகிறவனுக்கு அந்த மொழி தெரியாது...’

குருநாதன் முன்னால் குனிந்தார். அவர் எழுதியதுதான். அவர் எழுதியதைவிட நன்றாக இருந்தது. அன்று இதே பதிவுக்குக் கச்சான், இது மொழியல்ல, பேச வழியில்லாதவனின் இருமல் என்று எழுதியிருந்தது. மேலே அந்தப் பழைய பின்னூட்டமும் அப்படியே இருந்தது.

புதியது இப்படி முடிந்தது: ‘தூரதேசத்திலிருந்து ஒரே ஒரு மணி அடித்து நின்றால் போதும், இங்கே ஒருத்தி அன்றைய நாளை முடித்துக்கொள்வாள் என்றும் அவர் எழுதியிருந்தார்.’

குருநாதன் அப்படி எழுதவில்லை.

நன்றாக நினைவிருக்கிறது. அந்தப் பதிவில் பெண்ணே கிடையாது. கருத்துத்தான் இருந்தது. மறுபடி படித்தார். பெரியபட்டினத்து வீட்டில், பகலெல்லாம் சும்மா கிடந்த கம்ப்யூட்டரின் பக்கத்தில் ஒரு கைபேசி இருந்திருக்கும் என்று அன்றுதான் நினைத்தார்.

முருகேஸ்வரியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் எழுத்துக்கூட்டுவதைப் போல மெதுவாகப் படித்தாள். “இது நீங்க எழுதுனதா?” என்றாள்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பின்னூட்டப் பெட்டியைத் திறந்தார். ‘நான் அப்படி’ என்று தட்டினார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. நான் அப்படித்தான் சொன்னேன். தமிழில் இரண்டு வாக்கியமும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன. கருத்து விஷயத்தில் ஆயுளில் பொய் சொல்லாத மனிதர் அவர். எதிராளி சொன்னதை எதிராளியிடமே விட்டுவிட வேண்டும் என்றும் நம்புகிறவர். ஆனால் மறுத்தால், அவர் சொன்னதாக அவள் ஒளித்து வைத்த வரி அம்பலமாகிவிடும். முருகேஸ்வரி இன்னும் அவர் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறாள்.

முதல் வாக்கியத்தை முடித்துப் பார்த்தேன். இரண்டாவதையும் முடித்துப் பார்த்தேன். இரண்டையும் எடுத்துவிட்டேன். மூன்றாவது ஒன்று இருக்கலாம், எனக்குத் தட்டுப்படவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்துகொள்கிறேன். நீங்கள் உட்காருங்கள். பெட்டி திறந்துதான் இருக்கிறது.

நான் அப்படி