வெள்ளை மூடி

ஆஸ்பத்திரிக் காய்கறி வண்டியை ஓட்டுபவன் நான். எங்கள் பக்கத்துக் கிராமக் கடைகளில் பிஸ்கட்டும் சோப்பும் கிடைக்கும். பச்சைக் காய் வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். அதனால் ஏழை நோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் கட்டித் தரும் டப்பா வாரம் ஒன்று, இலவசம். சர்க்கரைக்காரர்களுக்குப் பச்சை மூடி: கீரை, தக்காளி, பீன்ஸ், ஆரஞ்சு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு வெள்ளை மூடி: முட்டைக்கோஸ், வெள்ளரி, ஒரு ஆப்பிள். பார்க்கவே பாவமாக இருக்கும்.

கொத்தனார் வீட்டில் இரண்டும் உண்டு. அவருக்கு வெள்ளை, அவர் மனைவிக்குப் பச்சை. மூன்று வாரத்துக்கு முன் அந்த அக்கா கேட்டாள்.

"ஏன் தம்பி, அவரு டப்பா மட்டும் இப்படிக் காலியா இருக்கு?"

"நர்சம்மாவுக்கு உங்க மேலதான் பாசம் போல."

எனக்கு வாய் சும்மா இருக்காது. அவள் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தேன். டப்பாவை மாற்றிச் சாப்பிடக் கூடாது என்று வீடு வீடாகச் சொல்லச் சொல்லியிருந்தார் நர்ஸ். முதல் வாரம் கடனே என்று சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

இன்று காலை கொத்தனார் வாசலுக்கு வரவில்லை. உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"காலு ரெண்டும் சிமெண்டு மூட்டை மாதிரி கனக்குதுப்பா. தூக்க வரல."

"அசதிதான் தம்பி," என்றாள் அக்கா. "சாப்பாடெல்லாம் நல்லாத்தான் இறங்குது."

அடுப்படியை எட்டிப் பார்த்தேன். அவள் தட்டில் முட்டைக்கோஸ். அடுப்பில் பாத்திரம் நிறையக் கீரை சூப், மேலே தக்காளி மிதந்தது.

"அக்கா, இது உங்களுக்குத்தானே?"

"எனக்கெதுக்கு? நல்லதெல்லாம் அவருக்குத்தான். மூணு வாரமா ஒரு இலையை நான் தொடல."

பெருமையாகச் சொன்னாள். கெட்ட சிறுநீரகம் கீரை, தக்காளியில் இருக்கும் பொட்டாசியம் சத்தை வெளியே தள்ளாது, அது ரத்தத்திலேயே தங்கும், முதலில் கால் கனக்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். நர்ஸ் இதையெல்லாம் எனக்கு விளக்கித்தான் அனுப்பியிருந்தார். அவருக்குப் போன் செய்தேன். "உடனே நீயே கூட்டிட்டு வா. வழியில எங்கயும் நிக்காதே," என்றார்.

கொத்தனாரைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்தேன். நடுவில் அக்கா ஏறிக்கொண்டாள். ஒரு மணி நேரப் பாதை. அவர் கட்டிய சுவர்களைப் பற்றி நான் கேட்டுக்கொண்டே ஓட்டினேன், அவர் "ம்" கொட்டிக்கொண்டு வந்தார். பாலம் தாண்டியதும் அந்த "ம்" நின்றுவிட்டது.

"தூங்கறாரு," என்றாள் அக்கா. மடியில் ஒரு தூக்குவாளியை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"அது என்னக்கா?"

"சூப்புதான். முழிச்சதும் தெம்பா ரெண்டு வாய் குடுக்கலாம்ல."

பிடுங்கி ஜன்னல் வழியாக எறிய வேண்டும். எறிந்தால் ஏன் என்று கேட்பாள், மூன்று வாரமாக நான் சொல்லாததைச் சொல்ல வேண்டிவரும். ஆக்சிலேட்டரை மிதித்தேன்.