டர்னிப் ஃபெர்ரி குழு உடைந்த கதை

எங்கள் குழுவுக்கு டர்னிப் ஃபெர்ரி என்று பெயர். அர்த்தம் கேட்டால் கிப் ஆல்ட்ரிச் கண்ணை மூடிச் சிரிப்பான். அர்த்தம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள அவனுக்கு வேறு வழி தெரியாது.

தொண்ணூறுகளில் நியூயார்க் மாநிலத்தில் இத்தாக்காவைச் சுற்றியுள்ள கல்லூரி ஊர்களில் வாசித்தோம். கிப் கிடார், ரஸ்க் பேஸ் கிடார், நான் டிரம்ஸ். இரண்டு அடி பாடிவிட்டு, பிறகு மேடையில் தோன்றியதையெல்லாம் வாசித்துக்கொண்டே போவதுதான் எங்கள் பாணி. நல்ல குழுக்கள் அப்படிப் போய் எங்காவது சேரும். கிப் கிளம்புவதோடு சரி.

வேனும் ஒலிபெருக்கிகளும் பல் மருத்துவரான அவன் அப்பா வாங்கித் தந்தவை. ஆனாலும் கிப் செருப்பில்லாமல் மேடையேறி, “வசதி வந்தா இசை செத்துடும்” என்பான். சாயம் தோய்த்த பனியன் போட்ட பிள்ளைகள் கைதட்டுவார்கள். குளிர்சாதனப் பெட்டி உறுமினாலும் ஆடக்கூடிய கூட்டம் அது.

ஒரு கோடை விழாவில் அவன் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்ததும் நான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு இறங்கினேன். வண்டி நிறுத்துமிடத்தில் சீஸ் சாண்ட்விச் வாங்கித் தின்று, கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

“கோரின், இன்னிக்கு நடுவுல ஒரு மௌனம் விட்ட பாரு, பிரமாதம்” என்றான் பிறகு.

“அப்ப நான் சாண்ட்விச் தின்னுட்டிருந்தேன்.”

“அதான். அந்த வெற்றிடம்.”

எங்களிடம் உருப்படியாக இருந்தது ஒரே பாட்டு. தன் அண்ணன் பால் பண்ணையை விற்ற வாரம் ரஸ்க் எழுதியது. நான்கே நிமிடம். அவன் வீட்டில் தனியாகப் பாடிப் பதிந்த ஒலிநாடா எப்படியோ நியூயார்க் நகரத்து இசை நிறுவனம் ஒன்றுக்குப் போய், ஒரு பெண் எங்களைக் கேட்க வந்தாள். கல்லூரிப் புல்வெளியில் மதிய நிகழ்ச்சி.

“அந்தப் பாட்ட மட்டும் நாடாவுல இருக்கிற மாதிரியே வாசிங்க” என்றாள்.

“கண்டிப்பா” என்றான் கிப்.

இரண்டாவது அடி முடிந்ததும் கண்ணை மூடிவிட்டான். கடைசி அடியைப் பாட ரஸ்க் மூன்று முறை மைக் அருகே போனான். மூன்று முறையும் கிடார் அவன் மேல் ஏறி மிதித்துக்கொண்டு போனது. அந்தப் பெண் தன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ரஸ்க் தன் கிடாரின் ஒயரைப் பிடுங்கி, பொறுமையாகச் சுருட்டி, இறங்கிப் போனான். நானும் எழுந்தேன்.

நாங்கள் வேனிலிருந்து எங்கள் சாமான்களை என் காருக்கு மாற்றும்போதுதான் கிப் வந்தான்.

“எங்கடா போற? இப்பதான பாட்டு விரிய ஆரம்பிச்சுது.”

“அதுக்குக் கடைசியில ஒரு அடி இருக்கு கிப். உனக்கு அது என்னன்னு தெரியுமா?” என்று கேட்டான் ரஸ்க்.

கிப் யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான்.

“வார்த்தையப் பிடிச்சுத் தொங்குற ஆள்னு உன்ன நான் நெனைக்கல.”

“ஏறு கோரின்” என்றான் ரஸ்க்.

என் காரில் போகும்போது, ஜன்னலைப் பார்த்தபடி அந்தக் கடைசி அடியைச் சாதாரணக் குரலில் பாடினான். காலிக் கொட்டகையில் பால் கறக்கும் நேரத்துக்கு விளக்கு எரிவதைப் பற்றியது. மூன்று வருடம் அதே மேடையில் இருந்தும் அப்போதுதான் அதை முழுதாகக் கேட்டேன்.

பிறகு சிராக்யூஸ் நகரப் பாடகி ஒருத்தி அந்தப் பாட்டை வாங்கிப் பாடினாள். உள்ளூர் வானொலியில் இன்றும் வருகிறது. ரஸ்க் ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கிறான், மேடை ஏறுவதில்லை. கிப் ஃபுளோரிடாவில் வெந்நீர்த் தொட்டி விற்கிறான். சென்ற வருடம் ஏதோ பேட்டியில், “நாங்க உடையவே இல்ல, ஒரு நீண்ட இடைவெளியில இருக்கோம்” என்றானாம்.

நான் கார்ட்லண்டில் மெதடிஸ்ட் தேவாலயத்தில் டிரம்ஸ் வாசிக்கிறேன். பாட்டுக்கு நான்கு சரணம். நான்காவது முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்துவிடுகிறார்கள்.