அய்யாக்கண்ணுவின் விலா எலும்புகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து மிராசுதார் பஞ்சநாதனுக்கு 1971 ஆனி மாதம் எக்ஸ்ரே எடுத்தபோது, படத்தில் விழுந்தது அவருடைய நெஞ்சு அல்ல. அவர் நிலத்திலிருந்து விரட்டிய குத்தகைக்காரர் அய்யாக்கண்ணுவின் நெஞ்சு. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பதினாறு பேருக்குப் படம் எடுத்தார்கள். மற்ற பதினைந்தும் சரியாகத்தான் வந்தன. மிராசுதாரை நிற்க வைத்து எடுத்தார்கள், படுக்க வைத்து எடுத்தார்கள். எப்படி எடுத்தாலும் இடப்பக்கம் மூன்று விலா எலும்புகள் முறிந்து கோணலாகக் கூடியிருந்தன. அவருக்கோ ஆயுசில் ஒரு எலும்பும் முறிந்ததில்லை. நர்ஸ் சௌந்தரநாயகி படத்தை வெளிச்சத்தில் பிடித்தவுடனே ஆளைச் சொல்லிவிட்டார். முந்தின வருஷம் அந்த விலாவுக்குக் கட்டுப் போட்டவர் அவர்தான்.

அந்த எலும்புகள் எப்படி முறிந்தன என்பது ஊருக்கே தெரியும். குத்தகைக்காரர் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று அறுபத்தொன்பதில் சட்டம் வந்தது. கறுப்பு சிவப்புக் கொடியும் செங்கொடியும் அடுத்தடுத்துப் பறந்த காலம். அய்யாக்கண்ணு மனுப் போடுவதற்குள் பஞ்சநாதனின் ஆட்கள் அவரை மோட்டார் கொட்டகையில் வைத்து அடித்தார்கள். பேச்சுமூச்சில்லாமல் கிடந்தவரின் பெருவிரலைப் பிடித்து, மூன்று மா நிலத்தை மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக எழுதிய தாளில் ஒற்றிக்கொண்டார்கள். மனப்பூர்வமாம்! அந்த வயிற்றெரிச்சல் சும்மா விடுமா?

பஞ்சநாதனுக்கு வந்திருந்தது நாள்பட்ட நெஞ்சு வியாதி. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை படம் பார்த்து மருந்தை மாற்ற வேண்டும். அடுத்தவன் நெஞ்சைப் பார்த்து இவருக்கு எப்படி மருந்து எழுதுவது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நெஞ்சில் குடியிருப்பவர் தானாகக் காலி செய்தால்தான் உண்டு என்றார் சௌந்தரநாயகி. விலகிக்கொள்வதாக அய்யாக்கண்ணு ரேகை வைக்க ஒரு சம்மதத் தாளும் எழுதிக் கொடுத்தார். போய்க் கேட்க மிராசுதாருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பழக்க தோஷம், ஆளை அனுப்பினார். நாலு பேர் அய்யாக்கண்ணுவை வாய்க்கால் கரையில் அமுக்கி ரேகை வாங்கி வந்தார்கள். அடுத்த படத்தில் அதே நெஞ்சு. இப்போது முறிந்திருந்த எலும்புகள் நாலு.

"புடிச்சு வாங்குனது செல்லாதுங்க. அவரு முழிச்சிருக்கணும், வெவரம் புரியணும், வேணாம்னு சொல்றதுக்கும் எடம் இருக்கணும்" என்றார் சௌந்தரநாயகி.

ஒன்றரை வருஷம் இருமிப் பார்த்தார் பஞ்சநாதன். எழுபத்து மூன்று தை மாதம் தாசில்தார் முன்னால் போய், அடித்துத்தான் ரேகை வாங்கினோம் என்று தன் வாயாலேயே சொன்னார். மூன்று மாவும் அய்யாக்கண்ணு பெயரில் பதிவாயிற்று. மறுநாளே நர்ஸைக் கூட்டிக்கொண்டு அய்யாக்கண்ணு வீட்டு வாசலுக்கு வந்தார். சௌந்தரநாயகி தாளை வரிவரியாகப் படித்துக் காட்டினார். அய்யாக்கண்ணுவின் மனைவி எல்லையம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெலகலேன்னா எனக்கு ஏதும் ஆவுமா சிஸ்டர்?" என்றார் அய்யாக்கண்ணு.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. அவருக்குத்தான் இருமல் நிக்காது."

"எத்தன நாளுக்குள்ள சொல்லணும்?"

"கெடுவெல்லாம் கெடையாது. யாரும் உங்கள அவசரப்படுத்தக் கூடாது."

"போட்டுருங்க, அய்யாக்கண்ணு" என்றார் பஞ்சநாதன். பரம்பரையாக அந்த வீட்டாரை 'டா' போட்டே அழைத்த வாய் அது.

எல்லையம்மாள் தன் புருஷனின் முகத்தையே பார்த்தார். அவர் தாளை வாங்கி நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

ஒன்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார். இதற்குள் ஆட்சி மாறியது, டாக்டர்கள் மாறினார்கள், வேதாரண்யம் பக்கம் அடித்த புயலில் ஆஸ்பத்திரிக் கூரையும் ஒரு தடவை பறந்தது. பஞ்சநாதனை எதுவும் கொல்லவும் இல்லை, இருமலை எதுவும் நிறுத்தவும் இல்லை. நன்றாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வந்து எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காருகிறார். படம் யாருடையதோ அவர் பெயரைத்தான் சீட்டில் எழுத வேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறார்கள். "அய்யாக்கண்ணு!" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. பஞ்சநாதன் எழுந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போகிறார்.