விளிம்பு மட்டும் பாக்கி

"அம்மா, சாயங்காலம் சொரசொரன்னு விட்டுட்டு வந்த பலகை காலையில எப்படிம்மா வழவழன்னு ஆகுது? யாரு வந்து தேய்க்கிறாங்க?"

பட்டறைக்குத் தன்னோடு வந்து மூலையில் விளையாடும் மகள் ஒருநாள் இப்படிக் கேட்டபோது, தாய்க்குப் பதில் தெரிந்தேதான் இருந்தது. "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று மழுப்பிவிட்டாள்.

அலைச்சறுக்குப் பலகை செய்யும் பட்டறையில் உப்புத்தாள் பிடித்துத் தேய்ப்பது அவள் வேலை. முதலாளி, அந்த ஊரில் முதன்முதலாக அப்படிப் பலகை செய்தவர். எல்லோருக்கும் பலகைக்காரர், அவளுக்கு அண்ணன். அவர் பலகையைத் தலையில் சுமந்து போனபோது, "துணி தேய்க்கிற மேசைக்குக் கடல்ல என்னய்யா வேலை?" என்று தெருவே சிரித்தது. அதற்கு முந்தைய பலகை கடலைப் பார்க்கவேயில்லை. தெர்மாகோலைச் செதுக்கி மேலே பிசினை ஊற்றியதும் சர்க்கரையாய்க் கரைந்துபோயிற்று. ஒத்துவரும் பிசினைக் கண்டுபிடிப்பதற்குள் ஒரு மழைக்காலமே ஓடிவிட்டது.

பலகையில் விளிம்புதான் உயிரை வாங்கும். பிசின் வழிந்து இறுகிய இடம் கல்லாய் நிற்கும். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலோ பிசினுக்கு அடியில் போர்த்திய கண்ணாடி நார்த்துணி அறுந்து பலகை பாழ். அவளுடைய மணிக்கட்டு வீங்கிக் கிடந்த காலத்தில், அண்ணன் விடியுமுன் வந்து விளிம்பை மட்டும் தேய்த்து வைத்துவிடுவார். கேட்டால், "நீதானம்மா நேத்தே முடிச்சே. அதுக்குள்ள மறதியா?" என்பார். நன்றி சொல்லக்கூட இடம் வைக்காத மனுஷன்.

போன மாதம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நாளைக் காலை, அவரை நினைத்து, அவர் செய்த பலகைகளோடு எல்லோரும் கடலுக்குள் போவதாக ஏற்பாடு. அவர் கடைசியாகச் செதுக்கிய பலகைக்கு அவர் மகன் துணி போர்த்திப் பிசின் பூசியிருந்தான். விளிம்பு மட்டும் பாக்கி.

"அத்தை, நான் இதை எடுத்துட்டுப் போகல. யார்கிட்டயாவது ஒண்ணு கேட்டு வாங்கிக்கிறேன்."

"ஏன்டா?"

"விளிம்பைப் பாருங்க, முதலை முதுகு மாதிரி. பாதி தேய்க்கிறதுக்குள்ள கை நடுங்குது. அப்பா கடைசியா தொட்டதை நான் கெடுத்தேன்னு ஆயிடக் கூடாது."

"இப்படிக் கொடு, நான்..."

"நீங்க தொடவே கூடாது! தூசு பட்டா ராத்திரி பூரா இருமுவீங்க. டாக்டர் திட்டினது எனக்குத் தெரியாதா?"

"ஆமா, வந்துட்டாரு பெரிய டாக்டரு. உங்கப்பனே என்னை இப்படி அதட்டினதில்ல."

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. நாளைய நினைவுக் கூட்டத்துக்கு மண்டபத்தில் நாற்காலி போடக் கிளம்பிவிட்டான்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் எழுந்து பக்கவாட்டு விளக்கைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் மேடுகள் நிழலாய் எழுந்து நின்றன. அவன் தேய்த்த பக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தாள். பையன் எதையும் கெடுக்கவில்லை. பயந்து, பாதியில் கையை எடுத்திருந்தான். அவ்வளவுதான்.

'ஆண்டவனே, இந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் கையைப் பிடிச்சுக்கோ.'

உப்புத்தாளை நனைத்துக்கொண்டாள். தூசு கிளம்பாமல், அவசரப்படாமல், மேடு மேடாகக் கரைத்தாள். மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. நிறுத்தி ஊதிக்கொண்டு மறுபடி தேய்த்தாள். நிழல்கள் ஒவ்வொன்றாய் அடங்கின. வால் பக்கம் ஒரு சாண் அளவுக்கு மட்டும் மேட்டை எடுத்துவிட்டு, சொரசொரப்பை அப்படியே விட்டுவைத்தாள். அங்கே அவன் கை எவ்வளவு நடுங்கினாலும் பழுது வராது. முடிப்பது அவனாக இருக்கட்டும்.

பலகையைத் துடைத்தாள். தரையில் சொட்டிய வெள்ளைத் தண்ணீரை ஒற்றி எடுத்தாள். ஈர உப்புத்தாளை முந்தானையில் முடிந்துகொண்டு, அவன் வைத்திருந்த இடத்தில் வேறொன்றை அதேபோல் மடித்து வைத்தாள். முக்காலியைச் சுவரோரம் தள்ளினாள்.

நாளைக்குக் கேட்பான். சொல்லவேண்டியதை அண்ணன் எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

விளக்கை அணைத்து, கதவைச் சாத்தினாள். தெரு திரும்பும்வரை அடக்கி வைத்திருந்து, அதன்பிறகே இருமினாள்.