ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்பது நாள்

விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கணிதக் கட்டிடத்தின் அடித்தளத்தில் விழித்திருக்கும் ஒரே ஜீவன் ஜெராக்ஸ் மெஷின்தான். அதுவும் பாதி நாள் மக்கர் பண்ணும். ஆட்ரா கெஸ்ட்னர் தரையில் மண்டியிட்டு, அதன் வயிற்றுக்குள் கையை விட்டு, சிக்கிய தாளை ஓரம் கிழியாமல் உருவிக்கொண்டிருந்தாள். உள்ளே கை வைத்தால் சுடுகிறது. வெளியே எடுத்தால் குளிரில் விறைக்கிறது. பூட்ஸில் ஒட்டிய பனி உருகி முழங்காலுக்கடியில் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஏழரை மணி வகுப்புக்கு நூற்றிருபது தாள் வேண்டும். எட்டே முக்காலுக்கு இன்னொரு வகுப்பு. அதன் பிறகு, போன வாரத் தேர்வுத் தாள்கள் இருநூறு திருத்தக் கிடக்கின்றன.

ஏழரை மணி வகுப்பு அவளுடையதல்ல. தெரோன் ஹாப்ஸுடையது. அன்றோடு ஒன்பதாவது நாள். மறுநாளிலிருந்து வேறொருவர் முறை.

இந்தப் பல்கலைக்கழகத்தில் முதல் வருடப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் பேராசிரியர்கள் என்று ஊரில் இருக்கும் பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நினைக்கட்டும். நடத்துகிறவர்கள் ஆட்ராவையும் தெரோனையும் போன்ற டி.ஏ.க்கள், அதாவது கற்பித்தல் உதவியாளர்கள். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே பாடம் எடுத்து, தாள் திருத்தி, அழுகிற பிள்ளையின் கண்ணைத் துடைத்து அனுப்புகிறவர்கள். அதற்கு ஈடாகப் படிப்புக் கட்டணம் கிடையாது, மாதம் ஒரு சம்பளம். வகுப்பைப் பறித்தால் படிப்பும் போயிற்று.

உடம்புக்கு வந்தால் விடுப்பு என்று ஒன்று இவர்களுக்குக் கிடையாது. தெரோன் காய்ச்சலோடு நான்கு நாள் நின்று பாடம் நடத்தினான். ஐந்தாம் நாள் கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டான். நிமோனியா என்றார்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது அவன் மூச்சு வாங்கச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஆட்ரா... ஃப்ரிட்ஜ்ல... எழுதிடு."

அடித்தளத்தின் கோடியில் இருபத்திரண்டு பேருக்கு எட்டு மேசை போட்ட ஓர் அறை. அங்கே ஒரு பழைய ஃப்ரிட்ஜ். அதன் கதவில் மக்காச்சோளக் கதிர் வடிவக் காந்தத்தில் ஒரு சார்ட் தாள் தொங்கும். தேதி, வகுப்பு, வர முடியாதவர், போகிறவர் என்று நாலு கட்டம். யாருக்கு முடியவில்லையோ அவர் பெயரை எழுதினால் போதும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்துக் கட்டத்தில் இன்னொரு பெயர் ஏறிவிடும். நன்றி சொல்கிற வழக்கமும் இல்லை. உடம்பு தேறி வந்தவர் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட கேசரோல் ஒரு தட்டு செய்து ஃப்ரிட்ஜில் வைப்பார். எல்லாரும் தின்பார்கள். அவ்வளவுதான்.

அன்று காலை அந்த அறைக் கதவில் வழவழப்பான அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். இந்த இடத்தில் 'டி.ஏ.க்கள் நல ஆதரவு மையம்' வரப்போகிறது.

"நமக்கு ஆதரவு குடுக்கறதுக்காக நம்மளயே வெளிய போகச் சொல்றான். இந்த மூளைக்கெல்லாம் எங்க போய் சலாம் போடறது?" என்றான் அதே அறையின் இன்னொரு டி.ஏ.வான ஓட்டிஸ். தன் மேசை இழுப்பறையைக் கவிழ்த்து மூன்று வருடத்துப் பேனாக்களை அட்டைப்பெட்டியில் கொட்டினான். அவன் பக்கத்தில் எமினா கெட்டிலின் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.  பற்களைக் கடித்துக்கொண்டிருந்தது தாடையில் தெரிந்தது.

டீன் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து அறையை மூலைக்கு மூலை படம் பிடித்துப் போனார். மையத்தின் செய்தி மடலில் 'அன்றும் இன்றும்' என்று போடுவதற்காம். ஆட்ரா அப்போது பாடத்தில் இருந்தாள். ஃப்ரிட்ஜ் கதவை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை டீன் ஹாலிஸ் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாம்மா ஆட்ரா, உக்காரு. காபி குடிக்கறியா?"

"வேண்டாம் சார். எட்டே முக்காலுக்கு வகுப்பு இருக்கு."

"உன் வகுப்பா? இல்ல வேற யாரோடதாவதா?" சிரித்தபடியே கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். படத்தில் ஃப்ரிட்ஜ் பளிச்சென்று இருந்தது. பெரிதாக்கினார். தெரோன் என்று ஒன்பது வரி. எதிரே ஆட்ரா என்று ஒன்பது வரி. கையெழுத்து அழகாக வேறு இருந்து தொலைத்தது.

"அவனுக்கு நிமோனியா சார். மூச்சு விட முடியாம கிடந்தான்."

"கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா துறைக்குச் சொல்லிருக்கணும் இல்லையா?"

"சொன்னான் சார். மாத்து ஆள நீயே பாத்துக்கோன்னாங்க."

"அனுமதி வாங்கின மாத்து ஆள். முழு வகுப்பு எடுக்கற டி.ஏ. இன்னொரு வகுப்பும் சேத்து எடுக்கக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான் அந்த விதி. அளவுக்கு மீறி வேலை செய்யக் கூடாதுன்னு."

"நாங்க எல்லாருமே முழு வகுப்புதான் சார் எடுக்கறோம். அப்ப அனுமதி வாங்க ஆள் எங்க இருக்கு?"

"அந்த மாதிரி மன உளைச்சலுக்குத்தாம்மா மையம் திறக்கறோம்."

"மையம் வேண்டாம் சார். உடம்பு முடியலேன்னா நாலு நாள் லீவு குடுங்க."

"லீவெல்லாம் ஊழியருக்கு. நீங்க மாணவர்கள்."

"அப்ப இந்த நடவடிக்கை யார் மேல சார்? மாணவி மேலயா, ஊழியர் மேலயா?"

டீன் காபியை ஒரு வாய் குடித்தார். குரலில் சர்க்கரை குறையவில்லை. ஒரு தாளை அவள் முன் நகர்த்தினார். 'தெரோன் ஹாப்ஸ் யாருக்கும் தெரிவிக்காமல் வகுப்பைக் கைவிட்டார். மாணவர்கள் காத்திருப்பதைக் கண்டு நானாகவே போய் எடுத்தேன்.' கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"திங்கக்கிழமை மதியம் பன்னண்டுக்குள்ள குடுத்துடு. குடுத்தா உனக்கு ஒண்ணும் ஆகாது. இல்லேன்னா வர்ற பருவத்துல ரெண்டு பேருக்குமே வகுப்பு கிடையாது. நீ கெட்டிக்காரப் பொண்ணு. அவனுக்காக நீ ஏன் கெடணும்?"

அவள் எழுந்து வரும்போது மேசையிலிருந்த வண்ணக் கையேட்டையும் எடுத்துக் கொடுத்தார். டி.ஏ.க்களுக்குப் பல்கலைக்கழகம் வழங்கும் பதினான்கு உதவிகள்.

ஆட்ரா வீம்புக்கென்றே பதினான்கையும் முயன்று பார்த்தாள். மாணவர் நலப்பிரிவு, இது வேலை சம்பந்தப்பட்டது, ஊழியர் பிரிவுக்குப் போ என்றது. ஊழியர் பிரிவு, நீ மாணவிதானே, மாணவர் நலப்பிரிவுக்குப் போ என்றது. மனநல ஆலோசனைக்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அதுவரைக்கும் பார்க்க, மூச்சை இழுத்து விடுவது எப்படி என்று ஒரு காணொளி அனுப்பினார்கள். மூச்சு விட முடியாமல் கிடக்கிறவன் தெரோன். காணொளி எனக்கா என்று தொலைபேசியில் கத்திவிட்டாள். குறை தீர்க்கும் அதிகாரி ஓய்வு பெற்று ஏழு மாதம் ஆகியிருந்தது. பதினான்கில் கையில் ஏதாவது கொடுத்தது இலவச உணவு அலமாரி ஒன்றுதான். இரண்டு டின் பீன்ஸ்.

கோட்டுப் பையில் அந்தக் கடிதம் கனத்தது. சனிக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் அதை முழங்காலில் விரித்து வைத்துப் பேனாவின் மூடியைக் கழற்றினாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தேற்றத்தின் பின்னால் மூன்று வருடம் நாய் மாதிரி அலைந்திருக்கிறாள். இன்னும் ஒரு வருடத்தில் பிடித்துவிடுவாள். தெரோன் எப்படியும் தேறி வேறெங்காவது பிழைத்துக்கொள்ள மாட்டானா என்று மனம் மெல்லக் கேட்டது. பேருந்து வந்தது. மூடியை மாட்டிக்கொண்டு ஏறினாள். தன்னையே ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது.

ஞாயிறு சாயங்காலம், குடியிருப்பின் சலவை அறையில் எல்லாரும் கூடினார்கள். கூடுவதற்கு வேறு அறை இல்லையே. துணி துவைக்கும் இயந்திரங்கள் உருண்டு உறுமிக்கொண்டிருந்தன. ஆட்ரா கடிதத்தைக் காட்டினாள். பேருந்து நிறுத்தத்தில் பேனாவைத் திறந்ததையும் மறைக்காமல் சொன்னாள்.

ஓட்டிஸ் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தான்.

"நானா இருந்தா கையெழுத்து போட்டே இருப்பேன்," என்றான் ஓட்டிஸ். இந்த ஒரு தடவை அவன் சிரிக்கவில்லை. "பயமாத்தானே இருக்கும்."

எமினா நிமிர்ந்தாள். "போன வருஷம் எனக்குக் கரு கலைஞ்சுது. ஒரு வாரம் என் வகுப்பை எடுத்தது தெரோன். ஏன்னு ஒரு வார்த்தை அவன் கேக்கல. இங்க யாருக்குமே தெரியாது." ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "அந்த ஷீட்ல பேர் ஏறாத ஆள் இங்க ஒருத்தராவது இருக்கீங்களா? இருந்தா எந்திரிச்சு போயிடலாம்."

ஒருவரும் எழவில்லை.

"அப்ப ஆட்ரா பேரு மட்டும் ஏன் தனியா நிக்கணும்?"

எமினா கைபேசியில் மையத்தின் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். காலை பத்து முதல் மாலை நாலு வரை, அரை மணிக்கு ஒருவர். திங்கட்கிழமை திறப்பு விழா. முதல் வாரம் முழுக்க இடம் காலியாக இருந்தது.

"நம்ம பாதி பேரு வகுப்புல இருக்கற நேரமா பாத்துத் திறந்து வச்சிருக்கான் பாரு," என்றான் ஓட்டிஸ். பிறகு கண்ணை இடுக்கினான். "ஏய், மொத்தத்தையும் நாமளே புக் பண்ணிட்டா?"

"பண்ணி?"

"போய் ஆதரவு கேப்போம். அதுக்குத்தானே திறக்கறாங்க?"

"எல்லாரும் ஒரே கேள்வி கேக்கணும்," என்றாள் ஆட்ரா. "ஒரே ஒரு கேள்வி. அவங்க அவங்க ஓய்வு நேரத்துல மட்டும் வரணும். ஒரு வகுப்பு கூட நிக்கக் கூடாது. அந்தச் சாக்கு அவருக்குக் கிடைக்கக் கூடாது."

துணி காய்வதற்குள் ஒரு வாரத்தின் அறுபது இடங்களும் நிரம்பின. செய்தி பரவி வேதியியல்காரர்களும் ஆங்கிலத் துறைக்காரர்களும் வந்து பெயர் போட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. பழைய அறை அடையாளம் தெரியவில்லை. எட்டு மேசை இருந்த இடத்தில் இரண்டு மெத்து மெத்தென்ற நாற்காலி, சுவரில் ஊதா விளக்கு, ஒரு தொட்டியில் பிளாஸ்டிக் செடி. வாசலில் நீல நாடா. டீன் கையில் முழ நீளத்துக்குக் கத்தரிக்கோல். பக்கத்தில் கேக்.

நடைபாதையில் அந்நேரம் வகுப்பு இல்லாத நாற்பது பேர் நின்றார்கள். டீனின் முகம் மலர்ந்தது. "பரவால்லயே! இவ்வளவு ஆர்வமா!"

ஆட்ரா நாடாவுக்கடியில் குனிந்து உள்ளே போனாள். மையத்தின் பொறுப்பாளர் ஜானெல் புதிதாக வேலைக்கு வந்தவள். ஒரு வருட ஒப்பந்தம்.

"வாங்க, உக்காருங்க. என்ன விஷயமா வந்தீங்க?" என்று விசைப்பலகையில் கை வைத்தாள்.

"எனக்கு உடம்பு முடியாத நாள்ல என் வகுப்பை யார் எடுப்பாங்க?"

ஜானெல் தட்டினாள். பட்டியலைத் தேடினாள். மறுபடி தேடினாள். "இதுக்கு... இங்க பதில் இல்லையே. மன அழுத்தம், நேர மேலாண்மை, தூக்கம்... இதெல்லாம் இருக்கு."

"கேள்வியைப் பதிவு பண்ணிக்கோங்க. போதும்."

அடுத்து ஓட்டிஸ் வந்தான். அதே கேள்வி. அவனுக்குப் பின்னால் எமினா. அதற்குள் டீனுக்கு விளங்கிவிட்டது.

"என்ன இது விளையாட்டு? மத்தவங்களும் வரணும் இல்ல? வழியை விடுங்க!"

"நாங்கதான் சார் அந்த மத்தவங்க," என்றாள் எமினா.

கூட்டம் விலகியது. தெரோன் வந்துகொண்டிருந்தான். பாதி ஆளாக இளைத்து, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, பத்தடிக்கொரு தரம் சுவரைப் பிடித்து நின்று. கையில் அலுமினியத் தாள் மூடிய தட்டு.

"ஃப்ரிட்ஜ் எங்கடி?" என்றான்.

"தூக்கிட்டுப் போயிட்டாங்கடா."

அவன் தட்டைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தான். வறுத்த வெங்காயமும் பாலாடைக்கட்டியும் மணத்தன.  ஆட்ரா கோட்டுப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து டீனிடம் நீட்டினாள். கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

"பன்னண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு," என்றார் டீன் தாழ்ந்த குரலில்.

"எனக்கு வேண்டாம் சார்."

மூலையில் பெரிய சார்ட் தாள்களும் வண்ணப் பேனாக்களும் இருந்தன. 'உங்கள் உணர்வுகளை வரையுங்கள்' என்று மேலே ஒரு சீட்டு. ஆட்ரா ஒரு தாளை உருவி நாலு கட்டம் போட்டாள். தெரோன் ஹாப்ஸுக்காக ஒன்பது நாள் என்று எழுதி, எதிரே ஆட்ரா கெஸ்ட்னர் என்று தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

"உன் கைப்பட நீயே ஒத்துக்கறே. புரியுதா?"

"புரியுது சார்."

எமினா பேனாவை வாங்கிக்கொண்டாள். எமினா ஹோட்ஜிச்சுக்காக ஐந்து நாள், எதிரே தெரோன். ஓட்டிஸ் வாங்கினான். பிறகு பேனா நடைபாதைக்குப் போனது. சுவரில் வைத்தும் ஒருவர் முதுகில் ஒருவர் வைத்தும் எழுதினார்கள். ஒரு தாள் போதவில்லை.

"இத்தனை பேரையும் நீக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு நினைக்கறீங்க?" டீனின் குரலில் இப்போது சர்க்கரை இல்லை.

"நீக்குங்க சார்," என்றான் ஓட்டிஸ். "நாளைக்குக் காலைல ஏழரை மணிக்கு நூத்திருபது பசங்க வந்து உக்காந்திருப்பாங்க. ஜெராக்ஸ் மெஷின்ல தாள் சிக்கும். மண்டி போட்டுத்தான் எடுக்கணும். கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்க."

யாரோ சிரித்தார்கள். டீன் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, நாடாவை வெட்டாமலே அதற்கடியில் குனிந்து வெளியேறினார். போய் என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாது. கடிதங்கள் வரும், விசாரணை வைப்பார்கள், சில பெயர்களை முதலில் பொறுக்குவார்கள். ஆட்ராவுக்கும் பயம்தான். ஆனால் பேருந்து நிறுத்தத்தில் போலத் தன்னையே அறைய வேண்டும் என்று தோன்றவில்லை.

ஜானெல் அந்தத் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் லீவு கிடையாது," என்றாள் தனக்குள் சொல்வதுபோல. பிறகு எழுந்து ஊதா விளக்கைக் கழற்றிக் கீழே வைத்தாள். டீன் விட்டுப்போன கத்தரிக்கோலால் ஒட்டுநாடாவை நறுக்கி, தாள்களை அந்த இடத்தில் ஒட்டினாள். திரும்ப வந்து விசைப்பலகையில் கை வைத்தாள்.

"அடுத்தது யாரு?"