கத்திரி யார் கையில்

அந்தத் தையல்கடையில் பெரிய கத்திரி தையல்காரர் மனைவியின் பொறுப்பு. கடை திறந்ததும், "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்பாள். தூங்கினேன் என்று சொன்னால்தான் அது தையல்காரர் கைக்கு வரும். தூக்கம் போனால் அவருக்கு மனசு தறிகெட்டு ஓடும். தொட்டதெல்லாம் பொன்னாகும் என்று தோன்றும். மனநல டாக்டர் சொல்லி, புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்துகொண்ட ஏற்பாடு இது.

போன மாதம் மனுஷன் பொய் சொன்னார். பொட்டுத் தூக்கமில்லாமல் இருந்துவிட்டு, "நல்லாத் தூங்கினேன்" என்றார். கத்திரி வந்ததுதான் தாமதம், டீச்சரம்மா மகளுக்கு கவுன் தைக்கக் கொடுத்திருந்த பட்டுத்துணியை, புது மாதிரி என்று சொல்லித் துண்டு துண்டாக நறுக்கித் தள்ளினார். தடுக்க வந்தவளை, "உனக்கு என்னடி தெரியும்?" என்று கடை அதிரக் கத்தினார். மருந்து மாற்றி, மனசு அடங்கியபின் மிஞ்சியது வெட்கம்தான். அவள் சோறு போட்டால் தட்டைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

இன்று டீச்சரம்மா வேறொரு துணியோடு வந்துவிட்டார். தையல்காரர் கத்திரியும் கையுமாக, அளவெடுக்கும் இடத்துத் திரைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்.

"கண்ணப் பிடறியிலயா வச்சிருந்த? எங்கம்மாவோட பட்டும்மா அது!" என்றார் டீச்சரம்மா.

"தப்புதான் டீச்சர். என் கை தவறிடுச்சு" என்றாள் மனைவி.

அடக் கடவுளே! பழியை அவள் தன் தலையில் போட்டுக்கொண்டது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. ஆனாலும் கால் நகரவில்லை. உண்மை தெரிந்தால் நாளைக்கு யார் துணி கொடுப்பார்கள்? திரையைப் பார்த்தபடி நின்றார், மானங்கெட்ட மனுஷன்.

"போனது போகட்டும். இதையாவது உன் வீட்டுக்காரர வெட்டச் சொல்லு. அவருதான் நிதானமான ஆளு."

அதற்குமேல் தாங்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"டீச்சர், பட்ட வெட்டுனது நான்தான். எனக்கு மனசுக்கு வைத்தியம் நடக்குது. இவ மேல ஒரு தப்பும் இல்ல."

டீச்சரம்மா துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "இப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

ஆயிடுச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துணி மேசைக்கு வந்துவிடும். மனைவி அவரையே பார்த்தாள்.

"ராத்திரி தூங்கினீங்களா?"

மூன்றாம் மனுஷர் முன்னால் அவள் இதைக் கேட்டதே இல்லை. அவருக்குக் காதெல்லாம் சுட்டது. காலையில் தூங்கினேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

"இல்ல" என்றார், தலை நிமிராமல். "காலையில பொய் சொன்னேன்."

டீச்சரம்மா பார்க்கப் பார்க்க, கத்திரியின் பிடியை மனைவி பக்கம் திருப்பி நீட்டினார்.