டைஃபூன் 90 அல்ட்ரா

தைபேயில் மடிக்கணினி தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில், பெட்டிமேல் என்ன பெயர் அச்சடிப்பது என்று முடிவு செய்கிறவன் லியாவ் குவோஜென். வாங்குகிறவர்கள்மேல் அவனுக்கு எள்ளளவும் மதிப்பில்லை. "பெரிய நம்பரைக் காட்டினா வாயைப் பொளந்துக்கிட்டு வாங்கிட்டுப் போவானுங்க" என்பான்.

அந்த வருஷம் காகிதம்போல் மெல்லிய கணினி ஒன்று வந்தது. திரையில் படம் ஓட்டும் தனி கிராபிக்ஸ் அட்டை கிடையாது. பிராசஸருக்குள்ளேயே ஒண்டுக்குடித்தனம் நடத்தும் கிராபிக்ஸ்தான். முந்தின வருஷத்துத் தடித்த கணினியிலும் அதே சில்லுதான். ஆனால் அது மும்மடங்கு மின்சாரம் குடித்தது, அதில் இரண்டு மெமரி இருந்தது. இதற்குப் பதினைந்தே வாட் மின்சாரம், ஒற்றை மெமரி. அதனால் வேகம் பாதிகூட வராது. தடியனின் பெயர் 'டைஃபூன் 90'. இந்த நோஞ்சானுக்கு குவோஜென் வைத்த பெயர் 'டைஃபூன் 90 அல்ட்ரா'.

சோதனைக்கூடத்தில் முகம் சுளித்தார்கள். "சில்லு ஒண்ணுதானே? இதுல எங்க பொய்யிருக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தான். வாட் கணக்கைப் பெட்டியில் போட்டால் அழகு கெடுகிறது என்று அந்த வரியையும் எடுக்கச் சொன்னான். அன்றிரவு சாப்பாட்டின்போது மனைவி ஷின்லானிடம் இதைவிடச் சிறந்த பெயர் சந்தையிலேயே இல்லை என்று பீற்றிக்கொண்டான்.

ஷின்லான் வீடுகளுக்கு உள் அலங்காரம் வரைந்து கொடுப்பவள். அவன் வேலையாகக் காவ்சியுங் போயிருந்தபோது அவளுடைய கணினி செத்துப்போனது. குவாங்ஹுவா கணினி மார்க்கெட்டுக்குப் போய், புருஷன் மெச்சிய பெயரைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தாள்.

அவன் ஊர் திரும்பியபோது அது மூடியபடி சோபாவில் கிடந்தது.

"பல் டாக்டரம்மாகிட்ட அவங்க வீட்டுக்கு வரைஞ்ச சமையலறையைத் திரையில சுத்திக் காட்டலாம்னு திறந்தேன்" என்றாள் ஷின்லான். "அலமாரி பாதி வந்துச்சு, மீதி வரல. 'தூங்கிருச்சா?'ன்னு கேட்டாங்க. வேலை வேற ஆளுக்குப் போயிருச்சு."

"இது மெயில் பார்க்கிறவங்களுக்குச் செஞ்சது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்கணுமா? அப்புறம் பேருன்னு ஒண்ணு எதுக்கு வச்சே?"

மறுநாள் கணினியைத் தூக்கிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனான். கடைக்காரி டப்பாவிலிருந்து மதியச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்கிறதில்ல, ராசா" என்றாள் நிமிராமலே.

"சரி, புதுசாவே ஒண்ணு கொடுங்கக்கா. வேகமான டைஃபூன் 90."

அவள் மூன்று பெட்டிகளை இழுத்துப் போட்டாள். 90, 90 அல்ட்ரா, 90 மேக்ஸ். மேக்ஸ் என்பது எந்தக் காலத்துச் சில்லுக்கோ புது ஸ்டிக்கர் ஒட்டியது. அதற்கும் அவன்தான் பெயர் வைத்தான், மறந்தே போயிருந்தான். வெறும் 90 என்று போட்டிருந்ததும் தடித்த பெட்டியாக இல்லை. அதே பெயரில் மெல்லியதும் வந்துவிட்டிருந்தது. புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எத்தனை வாட் என்று எதிலும் இல்லை.

"இதுல எது நல்லா ஓடும்க்கா?"

"யாரு கண்டா? நீலப் பெட்டி அழகா இருக்குன்னு எடுத்துக்கிட்டுப் போவாங்க. அடுத்த வாரமே வந்து என் தலையை உருட்டுவாங்க. இதுக்கெல்லாம் பேர் வச்ச புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சான், இந்தப் பெட்டியாலயே மண்டையைப் பொளந்துருவேன்." ஒரு வாய் சோற்றை அள்ளினாள். "ஆமா, நீ எங்க வேலை பாக்குறே?"

"பேங்க்ல" என்றான் குவோஜென். எதுவும் வாங்காமல் நடையைக் கட்டினான்.

பெயர் வைக்கும் அடுத்த கூட்டத்தில், இனிமேல் வாட் கணக்கைப் பெட்டியில் போட்டால் என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். இயக்குநர் ஜுங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"என்னப்பா, வீட்ல செம பூசையா?"

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் குவோஜென்தான். சிரித்து முடித்ததும், புதுக் கணினிக்கு 'டைஃபூன் 100 அல்ட்ரா பிளஸ்' என்று அவனே பெயர் சொன்னான். அதிலும் 90 அல்ட்ராவில் இருந்த அதே சில்லுதான். கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

ஷின்லான் வேறொரு நிறுவனத்தின் கணினியை வாங்கினாள். தனி கிராபிக்ஸ் அட்டை போட்ட, செங்கல் கனமுள்ள அவலட்சணம். ஆனால் வரைந்த வீடு திரையில் நிற்காமல் சுற்றியது. சாப்பாட்டு மேசையில் அது 'உஸ்'ஸென்று இரைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய புது வாடிக்கையாளர் ஒருத்தி வந்திருந்தாள். உங்கள் வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று விசாரித்தாள்.

"பெட்டிமேல பொய் எழுதுறாரு. மாசச் சம்பளம்" என்றாள் ஷின்லான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டீ ஊற்ற வந்த குவோஜென் சிரிக்கப் பார்த்தான். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.